கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம பாக்க விடுங்க

நான் கிரிக்கெட் வெறி பிடிச்ச ஆளும் கிடையாது, சீரியல் விடாம பாக்குற ஆளும் கிடையாது. வேலை முடிஞ்சு வரும்போது டிவி ஓடிட்டு இருந்தா உக்காந்து பாப்பேன், நல்லா இருந்தா எந்திரிக்க மாட்டேன், நல்லா இல்லன்னா போனை எடுத்துருவேன், அவ்ளோதான். ஆனா 2025 முழுக்க நான் பாத்ததுல எது மனசுல நின்னுருக்குன்னு யோசிச்சுப் பாத்தப்போ ஒண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுது. டிவிக்காரங்க எதையும் சேக்காம நடந்ததை நடந்தபடி காட்டுனதெல்லாம் அப்படியே நிக்குது, மியூசிக் போட்டு ஸ்லோ மோஷன் போட்டு மூணு தடவை திருப்பித் திருப்பிப் போட்டு ஊட்டி விட்டது எதுவுமே நிக்கல. அதைத்தான் இங்க எழுதப் போறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல ஓவல் டெஸ்ட். ஆகஸ்ட் 4, திங்கக்கிழமை. இங்கிலாந்துக்கு 374 டார்கெட், நாலாவது நாள் முடிவுல 339க்கு 6, இன்னும் 35 ரன் வேணும், நமக்கு 4 விக்கெட் வேணும். நம்ம நேரத்துக்கு மத்தியானம் மூணரைக்கு ஆரம்பிக்கும், நான் ஆபீஸ்ல இருக்கேன். 35 ரன்னுதான, அரை மணி நேரத்துல அடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சுட்டு சும்மா போன்ல ஓரமா ஓட விட்டேன். முதல் ரெண்டு பால்லயே ரெண்டு ஃபோர் போயிருச்சு. சரி முடிஞ்சுதுன்னு விட்டுட்டு வேலையைப் பாக்கலாம்னு திரும்புனா சிராஜ் வந்து ஜேமி ஸ்மித்தைத் தூக்கிட்டாரு, அப்புறம் ஓவர்ட்டன், அந்தப் பக்கம் பிரசித் கிருஷ்ணா டங்கை போல்டு பண்ணிட்டாரு, அப்புறம் கிறிஸ் வோக்ஸ் எறங்கி வர்றாரு, தோள்பட்டை எறங்கிப் போய் ஒரு கையை ஸ்வெட்டருக்குள்ள கட்டி வச்சுக்கிட்டு மறு கையில பேட்டைப் பிடிச்சுக்கிட்டு.

அந்த மனுஷன் நடந்து வந்ததை நான் மறக்கவே மாட்டேன். மைதானம் மொத்தமும் எந்திரிச்சு நின்னு கை தட்டுது, கேமரா தூரத்துல இருந்து அவர் நடக்குறதை மட்டும் காட்டுது, அவ்ளோதான், வேற ஒண்ணும் பண்ணல. ஒரு ரன் ஓடும்போது அவர் மூஞ்சில தெரிஞ்ச வலி இருக்கே, அதுக்குப் பின்னணில வயலின் போட வேண்டிய அவசியமே இல்ல. கடைசில சிராஜ் யார்க்கர், அட்கின்சன் ஆஃப் ஸ்டம்ப் பறக்குது, 6 ரன்ல ஜெயிச்சோம். டெஸ்ட்ல இந்தியா இவ்ளோ குறைஞ்ச ரன் வித்தியாசத்துல ஜெயிச்சதே இல்லையாம். பக்கத்து சீட்டுல கிரிக்கெட்டே பாக்காத பொண்ணு கூட என் போனை எட்டிப் பாத்துட்டு நின்னா.

இதுல எனக்குப் பிடிச்சது ஜெயிச்சது மட்டும் இல்ல. அதே சிராஜ் மூணு வாரம் முன்னாடி லார்ட்ஸ்ல கடைசி ஆளா நின்னாரு ஞாபகம் இருக்கா, ஜடேஜா ஒரு பக்கம் 61 ரன்னோட நாள் பூரா நின்னு கூட்டிட்டு வந்தாரு, சிராஜ் 30 பால் தாக்குப் பிடிச்சாரு, அப்புறம் நல்லா நடு பேட்ல தடுத்த பால் தரையில உருண்டு பின்னாடி போய் ஸ்டம்பைத் தொட்டு பெயில் விழுந்துச்சு. 22 ரன்ல தோத்தோம். அப்படியே குத்துக்கால் போட்டு உக்காந்துட்டாரு. ஓவல்லயே நாலாவது நாள் 19 ரன்ல இருந்த புரூக் அடிச்ச பாலைப் பிடிச்சுட்டு கால் எல்லைக் கயித்துல பட்டுருச்சு, புரூக் அப்புறம் 111 அடிச்சாரு. அப்படிப்பட்ட ஆள் மறுநாள் காலையில வந்து 5 விக்கெட்டை முடிச்சுட்டுப் போறாரு. அந்த சீரிஸ்ல அஞ்சு டெஸ்ட்டும் ஆடி 185 ஓவருக்கு மேல போட்டுருக்காரு, அஞ்சு டெஸ்ட்டும் அஞ்சாவது நாள் வரைக்கும் போச்சு, மான்செஸ்டர்ல பந்த் உடைஞ்ச காலோட நொண்டிட்டு எறங்கி அரை சதம் அடிச்சாரு. ஒன்றரை மாசம் நடந்த கதை இது. யாரும் எழுதல, யாரும் ப்ரோமோ கட் பண்ணல, ஆனா நான் ஒவ்வொரு நாளும் ஸ்கோர் என்னன்னு தேடிப் பாத்தேன். டெஸ்ட் மேட்ச் போர்னு சொல்ற பொண்ணு நான். இனிமே சொல்ல மாட்டேன்.

சரி ஐபிஎல்லுக்கு வருவோம்.

ஐபிஎல் எனக்குப் பிடிக்கும், பொய் சொல்லல. ஆனா அதை டிவில பாக்குறது வருஷா வருஷம் கஷ்டமாயிட்டே வருது. ஓவர் முடிஞ்ச அந்த நொடி விளம்பரம், விக்கெட் விழுந்தா விளம்பரம், ஒரு இன்னிங்ஸுக்கு ரெண்டு டைம் அவுட், ஒவ்வொண்ணும் ரெண்டரை நிமிஷம், ரெண்டு இன்னிங்ஸுக்கும் சேத்து பத்து நிமிஷம் ஆச்சு, அது பத்தாதுன்னு பால் போட ஓடி வரும்போதே ஸ்க்ரீன் சுருங்கி ஓரத்துல ஒரு விளம்பரம். ஒரு பேட்ஸ்மேன் அவுட் ஆனதும் அந்த மூஞ்சில என்ன ஓடுது, பௌலர் என்ன சொல்லிட்டுப் போறாரு, ஃபீல்டை எப்படி மாத்துறாங்க, இதெல்லாம் தான் நான் பாக்க விரும்புறது. ஓவருக்கும் ஓவருக்கும் நடுவுல இருக்குற அந்த நேரத்துல தான் கேப்டன் யோசிக்கிறதே தெரியும். அதை வெட்டி எடுத்துட்டா மிஞ்சுறது வெறும் அடி மட்டும் தான்.

அடியும் ரொம்ப சீப் ஆயிருச்சு. 2024ல ஹைதராபாத் 287 அடிச்சப்போ வாயைப் பொளந்து பாத்தேன், அதுக்கப்புறம் 220ன்னா கூட ஓஹோன்னு தோண மாட்டேங்குது. 2023ல கொண்டு வந்த இம்பாக்ட் பிளேயர் ரூல், அதாவது மேட்ச் நடுவுல ஒரு ஆளை எடுத்துட்டு வேற ஆளை எறக்கலாம்ங்கிற ரூல், இதுக்கு ஒரு முக்கியமான காரணம்னு நான் நினைக்கிறேன். கூட ஒரு பேட்ஸ்மேன் இருக்கான்னு தெரிஞ்சா முதல் ஆள் எதுக்கு யோசிச்சு ஆடப் போறான், கண்ணை மூடிட்டு சுத்தலாம். ரெண்டு வேலையும் கொஞ்சம் கொஞ்சம் பண்ணத் தெரிஞ்ச ஆல்ரவுண்டருக்கு வேலையே குறைஞ்சுருச்சு. அந்த ரூலை எடுத்துட்டா ஐபிஎல் இன்னும் நல்லா இருக்கும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

அதனாலதானோ என்னவோ சாய் சுதர்சன் ஆடுறதைப் பாக்க அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு. 759 ரன், சீசன்லயே அதிக ரன் அடிச்சவருக்குக் குடுக்குற ஆரஞ்சு கேப், அதுல கண்ணை மூடிட்டு சுத்துன ஷாட் எத்தனைன்னு தேடணும். கவர்ல எடம் எங்க காலியா இருக்குன்னு பாத்து அங்க தள்ளுவாரு, ஃபீல்டர் மெதுவா ஓடுறது தெரிஞ்சா ரெண்டு எடுப்பாரு. அந்தப் பக்கம் 14 வயசு வைபவ் சூர்யவன்ஷி 35 பால்ல செஞ்சுரி அடிச்சது பயங்கர சந்தோஷம் தான், இல்லன்னு சொல்லல, ஸ்கூல் போற பையன் அந்த மாதிரி அடிச்சா யாருக்குத்தான் பிடிக்காது. ஆனா திரும்பவும் போட்டுப் பாக்கணும்னா நான் சுதர்சன் இன்னிங்ஸைத் தான் போடுவேன்.

சிஎஸ்கே பத்தி எழுதாம போக முடியாது. பத்தாவது இடம். அஞ்சு கப் எடுத்த டீம் முதல் தடவையா கடைசி இடத்துல வந்து நின்னுச்சு. சேப்பாக்கத்துல ஆர்சிபி கிட்ட 2008க்கு அப்புறம் தோத்ததே இல்ல, அதுவும் 50 ரன்ல போச்சு, அந்த மேட்ச்ல தோனி ஒம்பதாவது ஆளா எறங்குனாரு. தோனி எறங்கும்போது வர்ற சத்தம் எனக்கும் சிலிர்க்கும், இப்பவும் சிலிர்க்கும். ஆனா டீம் தோத்துட்டு இருக்கும்போது, பத்து ரன் ரேட்டுக்கு மேல தேவைப்படும்போது, கேமரா டிரெஸ்ஸிங் ரூம்ல அவர் பேடு கட்டிட்டாரா ஹெல்மெட் எடுத்துட்டாரான்னு மட்டும் காட்டிட்டு இருந்தா, க்ரீஸ்ல நிக்குற ரெண்டு சின்னப் பசங்களோட ஆட்டத்தை யாரு பாக்குறது? அவரை மரியாதையா பாக்கணும்னா அவர் ஆடும்போது பாருங்க, உக்காந்திருக்கும்போது விட்டுருங்க. சீசன் முடிஞ்சப்புறம் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் குடுத்துட்டு சஞ்சு சாம்சனை எடுத்துட்டாங்க. சாம்சன் நல்ல பிளேயர், வரட்டும். ஆனா 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பால்ல சிக்ஸ், ஃபோர் அடிச்சுட்டு ஓடுன மனுஷனை வேற ஜெர்சில பாக்க என் மனசு இன்னும் தயாராகல.

ஜூன் 3 ஃபைனல் பாத்தேன். கடைசி ஓவர்ல பஞ்சாபுக்கு 29 வேணும், ஹேசில்வுட் முதல் ரெண்டு பாலும் டாட், இனிமே முடியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுருச்சு, இன்னும் நாலு பால் பாக்கி இருக்கும்போதே பவுண்டரில நின்னுட்டு கோலி அழ ஆரம்பிச்சுட்டாரு. 2008ல இருந்து ஒரே டீம், 2009, 2011, 2016னு மூணு ஃபைனல் தோல்வி, 18வது சீசன்ல கப். நான் ஆர்சிபி ஃபேன் இல்ல, ஆனா அந்த நேரம் தொண்டை அடைச்சுது. அந்த மூஞ்சை மட்டும் காட்டுனாங்க, அது போதும். மறுநாள் பெங்களூர்ல ஸ்டேடியம் வாசல்ல நெரிசல்ல 11 பேர் செத்துட்டாங்க. கொண்டாட்டத்தைப் பாக்கப் போன பிள்ளைங்க. அதுக்கப்புறம் அந்த ஃபைனல் ஹைலைட்ஸ் எங்க வந்தாலும் நான் மாத்திருவேன், என்னால பாக்க முடியல.

இன்னொரு நல்ல மாற்றத்தையும் சொல்லியே ஆகணும். ஆகஸ்ட்ல ஆன்லைன்ல காசு வச்சு ஆடுற விளையாட்டுகளைத் தடை பண்ணி சட்டம் வந்துச்சுல்ல, இந்தியா ஜெர்சில இருந்த ஸ்பான்சரே போயி ஆசியக் கோப்பைல ஸ்பான்சர் பேர் இல்லாம ஆடுனாங்க. அதுவரைக்கும் மேட்ச் போட்டா அந்த விளம்பரம் தான், நாம கும்பிடுற பிளேயருங்களே வந்து டீம் போடுங்க டீம் போடுங்கன்னு கூப்பிடுவாங்க, கடைசில யாருக்கும் புரியாத வேகத்துல இதுல நிதி ஆபத்து இருக்கு, அடிமையாகலாம்னு ஒரு குரல் ஓடும். அந்தக் குரலை அவ்ளோ வேகமா ஓட்டுறாங்கன்னா அதை நாம கேக்கக் கூடாதுன்னு தான அர்த்தம். அது டிவில இருந்து போனதுக்கு நான் உண்மையாவே சந்தோஷப்படுறேன்.

தமிழ் கமென்ட்ரி பத்தியும் ஒரு பாட்டம் புலம்பிக்கிறேன். தமிழ்ல மேட்ச் கேக்குறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஸ்ரீகாந்த் பேசுனா வீட்ல சித்தப்பா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும், பேசுறது 83 ஃபைனல்ல ரெண்டு டீம்லயும் சேத்து அதிகமா 38 ரன் அடிச்ச மனுஷன், அவருக்கு என்ன உரிமை இருக்கோ அது இருக்கு. பத்ரிநாத் ஒரு பேட்ஸ்மேன் ஏன் அந்தப் பால்ல அவுட் ஆனான்னு சொன்னா எனக்கே புரியும். பிரச்சனை என்னன்னா நாலு பேரு ஒரே நேரத்துல பேசுறாங்க. எங்க அப்பா அப்துல் ஜப்பார் ரேடியோல தமிழ்ல கமென்ட்ரி சொன்னதைப் பத்தி இப்பவும் பேசுவாரு, கண்ணு தெரியாதவங்களுக்குக் கூட மைதானம் தெரியும்னு சொல்லுவாரு. ரேடியோல வாயை மூடுனா படம் போயிரும், அதனால பேசித்தான் ஆகணும். டிவில படம் எங்க கண்ணு முன்னாடியே இருக்கே. வோக்ஸ் நடந்து வரும்போது பேச என்ன இருக்கு? எப்ப பேசாம இருக்கணும்னு தெரிஞ்ச கமென்டேட்டர் தான் எனக்குப் பெரிய ஆளு.

அப்புறம் ஓடிடி. டிவில ஒரு மேட்ச், ஆப்ல அதே மேட்ச் கொஞ்சம் செகண்ட் லேட்டா வரும். நான் ஆப்ல பாத்துட்டு இருப்பேன், பௌலர் இப்பதான் ஓட ஆரம்பிச்சுருப்பாரு, பக்கத்து வீட்ல இருந்து ஓன்னு சத்தம் வந்துரும். விக்கெட்டா சிக்ஸான்னு தான் தெரியாது, ஏதோ நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சுரும். இது போதாதுன்னு மேல நோட்டிஃபிகேஷன் வேற வந்து விழும். ஒரு முக்கியமான மேட்ச்ல ஒரு ஆப் சரியா கடைசி ஓவர்ல சுத்திட்டே நின்னுருச்சு, பேர் வேண்டாம், அன்னைக்கு இருந்து பெரிய மேட்ச்னா டிவி தான்னு முடிவு பண்ணிட்டேன்.

கபடி பாக்குறீங்களா யாராவது? பாருங்க. டிவிக்குன்னே செஞ்ச ஆட்டம் அது. ஒரு ரெய்டு 30 செகண்ட், அதுக்குள்ள ஒரு முழுக் கதை இருக்கு, நடுவுல யாரும் விளம்பரம் போட முடியாது. ரெண்டு ரெய்டு புள்ளி இல்லாம போயி மூணாவது ரெய்டு டூ ஆர் டை, புள்ளி எடுக்கலன்னா அவுட்னு வரும்போது ஒருத்தன் தனியா ஏழு பேருக்கு நடுவுல நிக்கிறான், போனஸ் கோட்டுக்கு கால் நீட்டுறான், மூலைல நிக்கிற டிஃபெண்டர் கணுக்காலுக்குக் குறி வைக்கிறான், எல்லாம் ஒரே ஷாட்ல தெரியும். புரோ கபடி லீக்ல நம்ம தமிழ் தலைவாஸ் 2017ல இருந்து ஆடுறாங்க, இன்னும் ஒரு கப் கூட வரல, அந்த வருத்தம் இருக்கு, டீம்ல நம்ம ஊர் பசங்க இன்னும் நிறைய வேணும்னு ஒரு வருத்தமும் இருக்கு. கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டில தங்கம் ஜெயிச்சுட்டு வந்தப்போ எல்லா சேனல்லயும் அந்தப் பொண்ணு பேட்டி ஓடுச்சு. பேட்டி அத்தனை காட்டுனவங்க அந்த ஃபைனலை முழுசா ஒரு தடவை போட்டிருக்கலாம்ல? அந்தப் பொண்ணு எப்படி ரெய்டு போகுதுன்னு தான் எனக்குப் பாக்கணும்.

சத்தமே இல்லாம பாத்ததுல உச்சம்னா அது செஸ் தான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் 14வது ஆட்டம். எனக்கு செஸ்ல குதிரை எப்படி நகரும்னு தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. டிங் யானையை ஒரு தப்பான எடத்துல வச்சாரு, குகேஷ் அதை உடனே கவனிக்கல, அப்புறம் அந்த முகம் மாறுச்சு பாருங்க, தண்ணி எடுத்துக் குடிச்சாரு, எந்திரிச்சாரு, உக்காந்தாரு. யாரும் ஒரு வார்த்தை பேசல அந்த ரூம்ல. 18 வயசுப் பையன் உலக சாம்பியன் ஆகப் போறான்னு அவனுக்கு முதல் முதலா தெரியுற அந்த நொடியை நாம பக்கத்துல இருந்து பாத்தோம்.

இப்போ சீரியலுக்கும் ரியாலிட்டி ஷோவுக்கும் வர்றேன், ஏன்னா நான் சொல்ல வந்த விஷயம் அங்கதான் ரொம்ப மோசமா இருக்கு.

எங்க அம்மா சீரியல் பாக்குறதை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். அம்மாவோட சேந்து மெட்டி ஒலி பாத்து வளந்தவ நான், அஞ்சு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்துட்டு ஒரு அப்பா படுற பாடு, அதுல ஒரு சீன் நிதானமா போகும், ரெண்டு பேர் திண்ணைல உக்காந்து பேசுனா பேசிட்டே இருப்பாங்க. கோலங்கள் 2003ல இருந்து 2009 வரைக்கும் ஓடுச்சு, ஒரு பொண்ணு தொழில் பண்றதை வீடு வீடா உக்காந்து பாத்தாங்க. அப்புறம் அதை எடுத்த டைரக்டர் திருச்செல்வம் 2022ல எதிர்நீச்சல் எடுத்தப்போ எங்க வீட்ல ஆம்பளைங்களும் வந்து உக்காந்தாங்க, அதுக்குக் காரணம் மாரிமுத்து. ஆதி குணசேகரன் மாதிரி ஒரு பெரியப்பாவோ மாமாவோ எல்லார் குடும்பத்துலயும் இருக்காரு, அதை அவர் நடிச்ச மாதிரி தெரியல, அப்படியே வாழ்ந்தாரு. 2023 செப்டம்பர்ல அவர் திடீர்னு தவறிட்டார்னு செய்தி வந்த அன்னைக்கு அம்மா அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் சரியா பேசல. அதுக்கப்புறம் வேல ராமமூர்த்தி வந்தாரு, அவரும் பெரிய ஆளு, ஆனா அம்மாவுக்கு அந்த நாற்காலில வேற ஒருத்தரைப் பாக்க முடியல.

அந்த மாதிரி எழுதவும் நடிக்கவும் ஆளு இருக்காங்க, அதான் எனக்கு ஆதங்கமே. இப்போ ஒரு எபிசோட்ல என்ன நடக்குது? நேத்து முடிஞ்ச சீன்ல இருந்து ரெண்டு நிமிஷம், ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லுவாங்க, உடனே இடி இடிக்கிற சத்தம், வீட்ல இருக்குற எட்டு பேர் மூஞ்சியையும் தனித்தனியா காட்டி ஒவ்வொரு மூஞ்சிக்கும் ஒரு டொய்ங், அதுக்குள்ள பிரேக் வந்துரும். அந்த வார்த்தை எவ்ளோ பெரிய வார்த்தைன்னு எங்களுக்குத் தெரியாதா? பொண்ணு மாமியாரைப் பாத்து எதிர்த்து ஒரு கேள்வி கேட்டா அந்த நிமிஷம் அந்த ரூம் எப்படி அமைதியாகும்னு நாங்க எல்லாரும் வாழ்ந்து பாத்துருக்கோம். அந்த அமைதியைக் காட்டுங்க, அதுல தான் பயமே இருக்கு. அப்புறம் அந்த மகா சங்கமம், ரெண்டு சீரியல் குடும்பத்தையும் ஒரே கல்யாண மண்டபத்துல கொண்டு வந்து விட்டு ஒரு வாரம் கதை ஒரு அடி நகராது. அதை மட்டும் அம்மாவே ஃபார்வர்டு பண்ணிருவாங்க.

பாட்டு ஷோ இன்னும் வருத்தம். சூப்பர் சிங்கர் 2006ல ஆரம்பிச்சது, எத்தனை நல்ல குரலை அது வெளிய கொண்டு வந்துருக்குன்னு யாரும் மறுக்க முடியாது, சரிகமபவும் அப்படித்தான், எங்கயோ ஒரு மூலைல பாடிட்டு இருந்த பிள்ளைங்களை மேடைல ஏத்திருக்காங்க. ஆனா பாட்டை முழுசா கேக்க விட மாட்டாங்க. பல்லவி பாடிட்டு இருக்கும்போதே கேமரா ஜட்ஜ் மூஞ்சிக்குப் போயிரும், ஒருத்தர் கண்ணை மூடுவாரு, ஒருத்தர் கையைத் தூக்குவாரு, ஓரத்துல அந்தப் பிள்ளையோட அம்மா அழுவாங்க, நாங்க அந்தப் பிள்ளை அந்த சங்கதியை எப்படிப் பிடிச்சுதுன்னு பாக்கவே இல்ல. பாடி முடிச்சதும் வீட்டுக் கஷ்டத்தைப் படமா போடுவாங்க. கஷ்டம் உண்மைதான், அதை நான் மதிக்கிறேன். ஆனா அந்தப் பிள்ளை மேடைக்கு வந்தது குரலுக்காக. அதோட வறுமையை எல்லாருக்கும் காட்டி ஓட்டு வாங்க வைக்கிறது எனக்கு ரொம்ப உறுத்துது. பாட்டு எத்தனை நிமிஷம், பாட்டு இல்லாதது எத்தனை நிமிஷம்னு ஒரு நாள் எண்ணிப் பாருங்க, புரியும்.

பிக் பாஸ் நான் 2017 முதல் சீசன் முழுசா பாத்தேன், ஓவியாவுக்காக. அப்போ யாருக்கும் அந்த விளையாட்டு எப்படின்னு தெரியாது, உள்ள போனவங்களுக்கும் தெரியாது, அதனால ஒரு பொண்ணு காலையில பாட்டுக்கு ஆடுனா அது ஆசைப்பட்டு ஆடுன ஆட்டம். இப்போ எட்டு சீசன் பாத்துட்டு உள்ள போறாங்க, எந்த இடத்துல சண்டை போட்டா ப்ரோமோல வருவோம்னு தெரிஞ்சு போறாங்க. அதுக்கு அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், கேமரா எதைக் காட்டுதோ அதைத் தான் மனுஷன் குடுப்பான். கமல் இருந்தப்போ 2020 சீசன்ல இருந்து வார வாரம் ஒரு புத்தகத்தைப் பத்திப் பேசுவாரு, சண்டைக்கு நடுவுல அது ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும், அதுல கேட்டுட்டு நான் படிச்ச புத்தகம் கூட உண்டு. 2024ல விஜய் சேதுபதி வந்தாரு, அவர் நேருக்கு நேர் கேக்குறது முதல்ல பிடிச்சுது, ஆனா ஆளுங்க பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உக்காருங்கன்னு சொல்லிர்றாரு, முழுசா ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் திட்டலாம்னு எனக்குத் தோணும். முத்துக்குமரன் ஜெயிச்சதுல எனக்கு மனசார சந்தோஷம், நல்ல தமிழ் பேசத் தெரிஞ்ச ஒரு பையன் வெறும் பேச்சால கடைசி வரைக்கும் வந்தது அந்த வீட்ல அபூர்வம்.

நீயா நானா மட்டும் இன்னும் எனக்கு சலிக்கல. கோபிநாத் ஒரு வயசான அப்பா கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பாரு. சில நேரம் அந்த மனுஷன் பேச முடியாம நிப்பாரு, அப்பவும் அவர் குறுக்க பேச மாட்டாரு. அதுலயும் இப்போ மியூசிக் போட ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா அந்த காத்திருப்பு இன்னும் இருக்கு.

நவம்பர் 2க்கு வர்றேன், அது ஞாயித்துக்கிழமை, பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல்.

எனக்கு 2017 லார்ட்ஸ் ஃபைனல் ஞாபகம் இருக்கு. 229 எடுக்கணும், 191க்கு 3ன்னு இருந்தோம், அப்படியே சரிஞ்சு 219ல முடிஞ்சு 9 ரன்ல தோத்தோம். அன்னைக்கு அழுதேன். அதனால இந்தத் தடவை லீக்ல வரிசையா மூணு மேட்ச் தோத்தப்போ, சரி இதுவும் அப்படித்தான்னு பாக்குறதையே நிறுத்திட்டேன். திரும்ப இழுத்துட்டு வந்தது ஜெமிமா. செமி ஃபைனல்ல ஆஸ்திரேலியா 338 அடிச்சுருக்கு, ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 நாட் அவுட். அம்பது அடிச்சப்போ பேட்டைத் தூக்கல, நூறு அடிச்சப்பவும் தூக்கல, மேட்ச் முடியல இன்னும்னு அப்படியே நின்னா. ஜெயிச்சப்புறம் தான் அழுதா. இதே போட்டில நடுவுல ஒரு மேட்ச்ல டீம்ல இருந்தே எடுத்துருந்தாங்க அந்தப் பொண்ணை. மனசு சரியில்லாம பதட்டத்துல தினமும் அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன்னு பேட்டில வெளிப்படையா சொன்னா. அதைச் சொல்ல எவ்ளோ தைரியம் வேணும்.

ஃபைனல் அன்னைக்கு மழையால ரெண்டு மணி நேரம் லேட். அப்ப ராத்திரி ஒம்போதரைக்கு அம்மாவுக்கு பிக் பாஸ், ஞாயித்துக்கிழமை யார் வெளிய போறாங்கன்னு தெரியணும். ஒரு ஓவர் பாத்துட்டுத் தர்றேன்னு சொல்லி அம்மா கிட்ட இருந்து ரிமோட்டை நான் வாங்குனேன். ஷஃபாலி 87 அடிச்சுருந்தா, அந்தப் பொண்ணு ஒரு வாரம் முன்னாடி டீம்லயே இல்ல, பிரதிகாவுக்குக் கால்ல அடி பட்டதால கூப்பிட்டாங்கன்னு அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா உக்காந்துட்டாங்க. ஷஃபாலி வந்து பௌலிங்லயும் ரெண்டு விக்கெட் எடுத்தப்போ, இவ பேட் பண்றவன்னு தான சொன்னன்னு என்னைக் கேட்டாங்க.

ஆனா அம்மா பாத்தது முழுக்க வோல்வார்ட்டைத் தான். தென்னாப்பிரிக்கா கேப்டன். செமில இங்கிலாந்து மேல 169, ஃபைனல்ல 101, ஒரு பக்கம் விக்கெட் விழுந்துட்டே இருக்கு, அவ மட்டும் நிக்கிறா. எனக்கு அவ அவுட் ஆகணும்னு வேண்டுதல். அம்மா அவ ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் திரும்பி வர்ற புது ஆள் கிட்ட போய் பேசுறதைப் பாத்துட்டு, வீட்டுக்கு மூத்த பொண்ணா இருக்கும் போலடின்னாங்க. அமன்ஜோத் அந்தக் கேட்சைப் பிடிச்சாளே, கைல இருந்து தவறி, திரும்பத் தட்டி, திரும்பத் தவறி, கடைசில தரைல விழுந்து ஒத்தக் கையில பிடிச்சா, நான் சோபால இருந்து குதிச்சுட்டேன். அம்மா குதிக்கல. அவ ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நடந்து போறதையே பாத்துட்டு இருந்தாங்க.

மணி பன்னெண்டு ஆகப் போகுது. தீப்தி பால், ஹர்மன்பிரீத் பின்னாடி ஓடி எகிறிப் பிடிச்சா, 52 ரன்ல ஜெயிச்சோம். தீப்திக்கு அஞ்சு விக்கெட், அம்பது ரன்னும் அடிச்சுருக்கா. அதுக்கப்புறம் பிரதிகா வீல் சேர்ல மைதானத்துக்குள்ள வந்தா, கொடியைப் போத்திக்கிட்டு. கப்பைக் கொண்டு போய் ஜூலன் கோஸ்வாமி கையிலயும் மித்தாலி ராஜ் கையிலயும் குடுத்தாங்க, 2005 ஃபைனல், 2017 ஃபைனல் ரெண்டும் ஆடித் தோத்த ரெண்டு பேரு. ஜூலன் கப்பைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதப்போ நானும் அம்மாவும் ஒண்ணும் பேசிக்கல.

காலையில எந்திரிச்சதும், நேத்து பிக் பாஸ்ல யாரு போனாங்கன்னு போன்ல பாக்கட்டுமான்னு அம்மாவைக் கேட்டேன். அதை விடு, அந்த தென்னாப்பிரிக்கா பொண்ணு ஊருக்குப் போயிருச்சாமான்னு கேட்டாங்க.